திங்கட்கிழமைக்கு ஒரு கருத்து

ஜனவரி 1, வியாழன்

இந்த டைரி என் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் உரக்கடையில் ஓசியாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் பெயரும் அதைக் கொல்லும் மருந்தின் பெயரும் போட்டிருக்கிறார்கள். "பிப்ரவரி தாண்டியும் நீ எழுதிட்டா ஒனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தாரேன்" என்றார். போன வருட டைரியில் பால் கணக்கும் நாலு கோலமும்தான் இருக்கின்றன என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் எங்கள் மேனேஜர் ஆவுடையப்பன் சார் கேக் வெட்டினார். பிறகு ஆளுக்கொரு கலர் காகிதம் கொடுத்தார். புத்தாண்டுத் தீர்மானம் இரண்டு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒன்று சொந்த வாழ்க்கைக்கு, ஒன்று வேலைக்கு. "நடக்குற காரியமா எழுதுங்க. இருபது கிலோ கொறைக்கேன், கலெக்டர் ஆகுதேன்னு எழுதிராதீங்க. சின்னதா இருக்கட்டும். ஆனா செய்யணும்" என்றார்.

நான் எழுதியது: தினமும் சாயங்காலம் நடப்பேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் வாரம் ஒரு கருத்தாவது சொல்வேன். இத்தனை வருடம் பில் போடும் கவுண்டருக்குள் உட்கார்ந்து, மீட்டிங்கில் தலையாட்டியே என் கழுத்து தேய்ந்துவிட்டது. சூப்பர்வைசர் மாலதி மேடம் இந்த மாதக் கடைசியில் சென்னைக்குப் போகிறார். அந்த நாற்காலி காலியாகப் போகிறது. அதைக் காகிதத்தில் எழுதவில்லை.

பியூலா அக்கா எழுதியது: அம்மாவிடம் எரிந்து விழ மாட்டேன். யாரையும் இரண்டாம் தடவை குத்த மாட்டேன். அக்கா காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். என் நரம்பு யாருக்கும் கிடைக்காது, ஊசியைக் கண்டதும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். போன வருட ஸ்டாஃப் செக்கப்பில் இரண்டு பேர் குத்திப் பார்த்துத் தோற்றார்கள். அக்காதான் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரே குத்தில் எடுத்தாள்.

"எங்க சபையில இதுக்குப் பொருத்தனைன்னு பேரு. ஆண்டவருக்குக் குடுக்குற வாக்கு. சும்மா எழுதி ஒட்டுற காரியம் இல்ல, கேட்டியா" என்றாள். "நீயும் நானும் சேந்தே நடப்போம்ட்டி. தனியா நடந்தா நீ நேரே பஜ்ஜி கடைக்குத்தான் போவ."

ஜனவரி 2, வெள்ளி

வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்தோம். கெண்டைக்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறிக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

சொல்லிவிட்டேன்! வரவேற்பறையில் தண்ணீர் கேன் பத்து மணிக்கே காலியாகிவிடுகிறது, இன்னொன்று வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. ஆவுடையப்பன் சார் "நல்ல பாயின்ட்" என்று எழுதிக்கொண்டார். இவ்வளவுதானா விஷயம்? இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்?

ஜனவரி 7, புதன்

இரண்டு நாளாக நடை தாமதமாகிறது. மறுநாள் காலையில் அக்கா எடுத்துப் போக வேண்டிய காலி டியூப்களையும், பெயர் அச்சடித்த லேபிள்களையும் முந்தின நாளே நான்தான் தயார் செய்து வைக்க வேண்டும். லேபிளைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ரத்தம் எடுத்து முடித்து, அந்த ஆளின் பெயரைக் கேட்டு, அவர் முன்னாலேயே டியூபில் ஒட்ட வேண்டும். நான் அவற்றை வெட்டி, வீடு வீடாகப் பிரித்து, பின் அடித்து வைப்பதற்குள் இருட்டிவிடுகிறது.

இன்று ஒரு யோசனை வந்தது. லேபிளை நேராக டியூபிலேயே ஒட்டி, வீட்டுக்கொரு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். சட்டென்று முடிந்தது. அக்கா கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இப்படி வேண்டாம்ட்டி."

"ஒங்களுக்கும் காலையில வேலை மிச்சம்லாக்கா. ஒரு வாரம் பாருங்க" என்றேன்.

நேரத்தோடு மைதானத்துக்குப் போய்விட்டோம். காற்று நன்றாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

இன்றைய கருத்துக்குக் கைதட்டே கிடைத்தது. வெறும் வயிற்றோடு வருகிற சர்க்கரைக்காரர்களை எல்லோரோடும் வரிசையில் நிறுத்துகிறோம், பாவம் மயக்கம் போட்டு விழுகிறார்கள், அவர்களுக்குத் தனி டோக்கன் கொடுத்து முதலில் அனுப்பலாம் என்றேன். சார் இந்த வாரமே செய்யச் சொல்லிவிட்டார். மாலதி மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இது வியாழக்கிழமை நடக்கும்போது அக்கா சொன்னது. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டாள். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தவள், அந்த நேரத்தில் தூங்காமல் இருப்பதே பெரிது. நான் சொல்லாவிட்டால் அந்த யோசனை மைதானத்திலேயே கிடந்திருக்கும். சாயங்காலம் பார்த்தபோது, "நல்லாச் சொன்ன" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. நன்றாகக் கவனித்தேன், ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நடக்கவில்லை. கரும்பு தின்று நாக்கெல்லாம் புண்.

ஜனவரி 19, திங்கள்

வயதானவர்களுக்கு ரிப்போர்ட்டைப் பெரிய எழுத்தில் கொடுக்கலாம் என்றேன். இதுவும் அக்கா சொன்னதுதான். அடுத்த தடவை அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

"வடிவு, நீங்க முன்ன மாதிரி இல்ல" என்றார் சார். வீட்டில் சொன்னபோது அவர், "நீ எங்கிட்டப் பேசுறதைக் கொறைச்சு அங்க பேசுத போலிருக்கு, எனக்கும் நல்லதுதான்" என்றார்.

ஜனவரி 21, புதன்

இன்று அக்கா வேகமாக நடந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வாதாம் மரத்தடியில் நின்று, "ஏ வடிவு, எம் பொருத்தனை போச்சுட்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மகாராஜநகரில் ஒரு மாடி வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ரத்தம். முதலில் அந்த அம்மாவுக்கு எடுத்தாள், பிறகு அவருக்கு. கீழே வந்து வண்டியை எடுக்கப் போகும்போது பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். முதலில் எடுத்து வைத்த டியூபில் அவர் பெயர் இருந்தது. மாறிவிட்டது. திரும்ப மாடியேறி, மன்னிப்புக் கேட்டு, அந்த இரண்டையும் கொட்டிவிட்டு, மறுபடி குத்தி எடுத்தாளாம்.

"அந்தம்மாவுக்குக் கையெல்லாம் சுருங்கிப் போயி, எலும்பும் தோலுமா இருக்கு. அந்தக் கையில திரும்பக் குத்துனேன். பாக்காம வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அவுகளுக்குச் சர்க்கரை, இவுகளுக்குக் கிடையாது. மாத்தி மாத்தி மருந்து குடிச்சிருப்பாக."

"அதான் பாத்துட்டீங்கள்லாக்கா. ஒண்ணும் ஆகலியே" என்றேன்.

"ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்றாள். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளையிலருந்து லேபிளைத் தனியாத் தந்துரு, என்ன?" என்றாள்.

சரி என்றேன். இன்றைக்கு ஒட்டியாகிவிட்டது. நாளையிலிருந்து தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

நேற்றும் இன்றும் கவுண்டரில் ஒரே கூட்டம். ஒட்டித்தான் கொடுத்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உரித்து எடுத்துத் திரும்ப ஒட்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம், மீட்டிங் இல்லை. அப்பாடா. கருத்து கைவசம் இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாலதி மேடம் நேற்றோடு போய்விட்டார். யார் சூப்பர்வைசர் என்று இந்த வாரம் சொல்வார்களாம். நாளை கண்டிப்பாக ஏதாவது சொல்லியாக வேண்டும். துணி துவைக்கும்போதும் அதே நினைப்பு, இட்லிக்கு அரைக்கும்போதும் அதே நினைப்பு. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, ஃபோன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

கருத்து சொன்னேன். தலைவலி.

பிப்ரவரி 3, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

சார் என்னைத்தான் முதலில் பார்த்தார். "வடிவு, இந்த வாரம் என்ன?" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. இருந்தது அந்த ஒன்றுதான். ஹோம் கலெக்‌ஷனில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எடுக்கும்போது டியூப் மாறிவிட வாய்ப்பிருக்கிறது, அவர்களையே பெயர் சொல்லச் சொல்லி, அவர்கள் கண்ணெதிரே லேபிள் ஒட்ட வேண்டும், இருக்கிற விதியைக் கண்டிப்பாக்க வேண்டும் என்றேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொன்னது சரியான கருத்துதான். இன்றைக்கும் சொல்வேன், சரியான கருத்துதான்.

சார் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன், மாறியிருக்கா?"

இல்லை சார், பொதுவாகச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். என் கண் அக்கா பக்கம் போய்விட்டது. ஒரு நொடிதான். சார் அந்தப் பக்கம் பார்த்தார்.

"பியூலா?"

அக்கா எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். மாடியேறிப் போய்த் திரும்ப எடுத்ததையும் சொன்னாள். சார் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"எடுக்கிறதுக்கு முன்னாடியே லேபிள் ஒட்டியா வச்சிருந்தீங்க?"

"ஒட்டித்தான் இருந்துச்சு சார்."

அதோடு நிறுத்திவிட்டாள். என் புது தண்ணீர் கேன் மட்டும் களுக்கென்று ஒரு சத்தம் போட்டது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாக்காம எடுத்தது எந்தப்பு சார்" என்றாள்.

நானாகப் போய் அவளைப் பழியேற்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, புதன்

என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். அக்காவுக்கு ஊசி வேலை கிடையாது. மறு உத்தரவு வரும்வரை உள்ளே உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளை மடித்து உறையில் போட வேண்டும். அந்தக் கை காகிதம் மடித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அவர் கதம்பமும் மிக்சரும் வாங்கி வந்தார். "வாயத் தெறந்து ஒரு மாசத்துல பதவியா! இன்னும் ரெண்டு மாசத்துல எம்.எல்.ஏ. ஆயிருவ போலயே" என்றார். மிக்சரை மூடி வைத்தேன். காரம் அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையிலிருந்து ஃபோன். பெருமாள்புரத்து ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், "அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் வரமாட்டாங்களாம்மா? புதுசா வந்த பிள்ளை கையைச் சல்லடையாக்கிட்டு. அந்த சிஸ்டர்னா வரச் சொல்லுங்க, இல்லன்னா எனக்கு டெஸ்ட்டே வேண்டாம்" என்றார். அவர் லீவில் இருக்கிறார் என்றேன். அக்கா அடுத்த அறையில்தான் இருந்தாள். தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும்.

திங்கட்கிழமையிலிருந்து லேபிளைத் தனியாகத்தான் கொடுக்கிறேன். வெட்டி, பிரித்து, பின் அடித்து. இருட்டிவிடுகிறது. நடக்கப் போகவில்லை.

பிப்ரவரி 7, சனி

பொறுக்க முடியாமல் மைதானத்துக்குப் போனேன். அக்கா தனியாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். விரட்டவும் இல்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு சுற்று நடந்தோம்.

"நான் ஒங்க பேரைச் சொல்லலக்கா" என்றேன். இத்தனை நாள் யோசித்து வாயில் வந்தது இதுதான், கேவலம்.

"சொல்லலதான்."

"அம்மா எப்படி இருக்காக?"

"ஏன் காலையில வெரசாப் போகலன்னு கேட்டா. நான் எரிஞ்சு விழுந்துட்டேன். ரெண்டு பொருத்தனையும் போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"என் மேல கோவம்னா ஏசிருங்கக்கா."

அக்கா நின்றாள். "நீ பேசுனதுக்கு எனக்குக் கோவம் இல்லட்டி. அது சொல்ல வேண்டிய விஷயந்தான். ஒட்டியா வச்சிருந்தன்னு சார் கேட்டாருல்லா? ஒட்டித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு நான் சும்மா நின்னேன். எதுக்கு நின்னேன்னு நெனச்ச?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"நீ சொல்லுவன்னு நின்னேன்" என்றாள். "வாரம் ஒரு கருத்து சொல்லுத பிள்ளை, இதச் சொல்லாமலா இருக்கும்னு நின்னேன்."

அவள் நடந்து போய்விட்டாள். பஜ்ஜி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்றும் வாங்கித் தின்னவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஏழாம் தேதிப் பக்கத்தில் "காற்று நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறேன். லேபிளை ஒட்டியது நான். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் ஒட்டினேன், டியூப் மாறிய பிறகும் ஒட்டினேன். நடக்க நேரமாகிறதே என்றுதான் ஒட்டினேன். மூன்றாம் தேதி அவ்வளவு நீளமாக எழுதியும் அந்த ஒரு வரியை எழுதவில்லை. எனக்கு நானே எழுதுகிற நோட்டில்கூட.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கமான கேலி ஒன்றும் வரவில்லை. "நாளைக்குத் திங்கக்கெழமைல்லா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

சூப்பர்வைசர் நாற்காலி சாருக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. நான் உட்காரவில்லை. "சார், இந்த வாரக் கருத்தை நானே முதல்ல சொல்லிருதேன்" என்றேன். குரல் அந்த முதல் திங்கட்கிழமையைவிட மோசமாக நடுங்கியது.

"அந்த டியூப்ல லேபிள் ஒட்டுனது நான் சார். பியூலாக்கா வேண்டாம்னுதான் சொன்னாங்க. டோக்கன், பெரிய எழுத்து, எல்லாம் அவங்க யோசனை. நான் எம் பேர்ல சொல்லிட்டேன்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"இந்தச் சேர் போயிரும்னு பயம் சார்."

யாரோ பின்னால் மெல்லச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. வெகுநேரம் நோட்டீஸ் போர்டையே பார்த்தார், அங்கே எங்கள் கலர் காகிதங்கள் வரிசையாக இருந்தன. பிறகு, நீங்க பழைய கவுண்டருக்கே போயிருங்க, இனிமே ஒரு தடவை இப்படின்னா வேலையே இருக்காது என்றார். அக்காவை நாளைக் காலையிலிருந்து கலெக்‌ஷனுக்குப் போகச் சொன்னார். ஒரு டியூப் மாறியதைக் கீழே இறங்கிய பிறகும் பார்த்து, திரும்ப ஏறிப்போன ஆளை உள்ளே உட்கார வைத்தது தன் தப்பு என்றும் சொன்னார்.

அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

தனியாக நடந்தேன். அக்கா இப்போது காலையில் நடக்கிறாளாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஸ்டாஃப் செக்கப். ரத்தம் எடுக்கிற நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தபோது, எதிரே அக்கா. வேறு யாராவது வருவார்களா என்று பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

கையுறையை மாட்டிக்கொண்டாள். மீன் குழம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டினாள், விரலால் தட்டிப் பார்த்தாள். என் நரம்பு வழக்கம்போல எங்கேயோ போய்விட்டது. அவள் அவசரப்படாமல் தேடினாள். ஊசி உள்ளே போனதே தெரியவில்லை. ஒரே குத்து. டியூப் நிறைந்தது.

பஞ்சை வைத்து அழுத்தி, என் கையை மடக்கிவிட்டாள். பிறகு லேபிள் ஒட்டாத அந்த டியூபை ஒரு கையிலும், லேபிளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க பேரு சொல்லுங்க."

ஒரு நாளும் என்னை அவள் நீங்க என்று கூப்பிட்டதில்லை.

"சண்முகவடிவு" என்றேன்.

"இன்ஷியல்?"

"கே."

நான் பார்க்கும்படி டியூபைத் திருப்பி, சுருக்கம் விழாமல் ஒட்டினாள். சரியா என்று காட்டினாள். சரி என்று தலையாட்டினேன். நான் சொன்ன கருத்துப்படிதான் எல்லாம் நடந்தது. வலிக்கவே இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வராமல் கையை மடக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த ஆள் வாங்க" என்றாள்.